வாண்டுகளோடு நீலகிரி: நான்கு நாள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஊட்டிக்குப் போய் வந்த குடும்பங்களிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "போற வழியெல்லாம் வாந்தி, போய்ச் சேர்ந்ததும் சளி, மூணு நாளும் காருக்குள்ளேயே போச்சு." மலை மேல் பழி போட்டுப் பயனில்லை. பெரியவர்கள் மட்டும் போகும் பயணத்தைப் போலத் திட்டம் போட்டுவிட்டு, அதற்குள் குழந்தையைத் திணிப்பதால் வரும் வினை அது. ஆறு மாதம் முதல் ஏழெட்டு வயது வரையிலான பிள்ளைகளோடு முதல் முறை நீலகிரிக்குக் கிளம்புகிறவர்களுக்காக இந்தச் செய்முறை. கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

கோடை விடுமுறை என்றாலே ஏப்ரல், மே என்று மனது போகும். வெயிலுக்கு அது சரி; பகலில் 22, 23 டிகிரி, இரவில் ஸ்வெட்டர் போட்டால் போதும். ஆனால் மே மாதம் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி என்று கூட்டம் குவியும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 19 கிலோமீட்டர்தான். நெரிசலில் மாட்டினால் அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடும். காருக்குள் பசியோடும் சிறுநீர் முட்டலோடும் இருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அதைவிடத் தண்டனை இல்லை.

பள்ளிக்குப் போகாத குழந்தை என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச் இரண்டும்தான் எங்கள் முதல் தேர்வு. காலாண்டு விடுமுறை இரண்டாவது. டிசம்பர், ஜனவரியில் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஊட்டியில் இரவுக் குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். தாழ்வான இடங்களில் புல்வெளியில் உறைபனி படியும். கைக்குழந்தையோடு அப்போது வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரிந்து சாலையும் ரயிலும் நிற்பது பெரும்பாலும் அப்போதுதான்.

படி 2: ஊட்டியில் தங்காதீர்கள்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் 1,850, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. அந்த 400 மீட்டர் வித்தியாசம் இரவில் இரண்டு மூன்று டிகிரியாகத் தெரியும். இரவில் போர்வையை உதைத்துத் தள்ளும் பிள்ளைகளுக்கு அது பெரிய வித்தியாசம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் தூரமும் குறையும். குன்னூரில் தங்கிக்கொண்டு ஊட்டிக்கு ஒரு பகல் போய்வருவதே வசதி. நான்கு நாளும் ஒரே அறை. இடையில் ஓட்டல் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம்.

அறையைப் பிடிக்கும் முன் போனில் கேட்க வேண்டியவை:

- வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலை இரண்டு மணி நேரம் மட்டுமா? பல இடங்களில் இரண்டாவதுதான். குழந்தை எந்த நேரத்தில் உடையை நனைக்கும் என்று யாருக்குத் தெரியும்?
- குளியலறையில் இருப்பது மின்சார கீசரா, கேஸ் கீசரா? கேஸ் கீசர் என்றால் குளியலறைக்குள் காற்றோட்டம் இல்லாமல் கார்பன் மோனாக்சைடு தேங்கும் ஆபத்து உண்டு. மின்சார கீசர் உள்ள அறையாகப் பாருங்கள்.
- அறைக்குப் போக எத்தனை படிக்கட்டு? மலையில் "தரைத்தளம்" என்பதற்கே நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும்.
- பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? நான்கு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் வேறு அறை கேளுங்கள்.
- வாசல் வரை கார் வருமா? தேயிலைத் தோட்டத்து பங்களாக்களுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஜீப் மட்டுமே போகும் பாதையாக இருக்கலாம்.

தோட்டத்து நடுவே தங்குவது அழகு. ஆனால் குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை சாதாரணமாக மேயும். சாயங்காலத்துக்குமேல் கரடியும் வரும், சிறுத்தையும் வரும். ஆறு மணிக்குப் பிறகு பிள்ளைகள் முற்றத்தில் விளையாடக் கூடாது. காட்டெருமை அசையாமல் நிற்பதைப் பார்த்து நம்மூர் மாடு என்று நினைத்துப் படம் பிடிக்கக் கிட்டே போவதுதான் வழக்கமான தவறு.

இன்னொன்று. குளிருக்குக் கரி அடுப்பு கொண்டுவந்து தருகிறோம் என்றால், அது வெளியே முற்றத்தோடு நிற்கட்டும். அணைந்துவிட்டதாகத் தெரியும் கரியும் நச்சுவாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைச் சாத்திய அறைக்குள் எந்த நிலையிலும் கொண்டுபோகாதீர்கள்.

படி 3: இ-பாஸ், ரயில், வண்டி

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்ற விவரங்களோடு அரசின் இ-பாஸ் தளத்தில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. கோடையில் அறை உறுதியான அன்றே பதிந்துவிடுங்கள்; கிளம்பும் வாரம் விதிகளை ஒருமுறை சரிபாருங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் பாஸ் தேவையில்லை. வாடகைக் கார் என்றால் பாஸ் எடுப்பது நீங்களா, டிரைவரா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒருவரை ஒருவர் நம்பி, கடைசியில் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனை நோண்டுவது அடிக்கடி நடக்கிறது.

மலை ரயிலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் ரயில் ஊட்டி போய்ச் சேர நடுப்பகல் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கும் நிலையங்களில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கையும் நெருக்கம். ஏழு வயதுப் பிள்ளை ரசிக்கும். இரண்டு வயதுக் குழந்தை கல்லாறு தாண்டுவதற்குள் உங்களை ஒருவழி பண்ணிவிடும்.

அதற்குப் பதில் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ஏறுங்கள். சுமார் ஒரு மணி நேரம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று குட்டிக் குட்டி நிலையங்கள், குகைகள், பள்ளத்தாக்கு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்திலேயே கிடைக்கும். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு–குன்னூர் பகுதியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால், குன்னூர் நிலையத்தில் கீழிருந்து வரும் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவதைக் காட்டுங்கள். எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். அதையே பத்து நிமிடம் பேசுவார்கள். டிக்கெட்டை முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுக்க வேண்டும். இப்போது அது 60 நாள் முன்பு. ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம், ஆனால் இருக்கையும் கிடையாது. ஒரு மணி நேரம் மடியில்தான்.

படி 4: எதை எடுத்துப் போவது

மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக ஒரே காலையில் 12 டிகிரி குறைகிறது. கனமான ஒரே ஜெர்கினை மாட்டிவிடுவது தவறான தீர்வு. குழந்தை ஓடும், வியர்க்கும், வியர்வை உள்ளேயே குளிரும். பருத்தி பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், காற்று அடிக்கும் இடத்தில் மட்டும் விண்ட்சீட்டர். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். காதை மூடும் குல்லா இரண்டு. சாக்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி.

துணியில் பலர் ஏமாறுவது எண்ணிக்கையில். வீட்டில் போல "துவைத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பது மலையில் நடக்காது. ஈரக் காற்றில் ஜட்டிகூட இரண்டு நாள் காயாது. நடக்கப் பழகும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு மூன்று செட், அதற்குமேல் இரண்டு உபரி. டயப்பர் ஒரு நாளைக்கு ஏழு. குளிரில் சிறுநீர் அதிகம் போகும், வீட்டுக் கணக்கு பத்தாது.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்தான். நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தடை. பர்லியாறு, குஞ்சப்பனை சாவடிகளில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். வழியில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், நாணயங்கள் கையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பிளாஸ்க் ஒன்று கட்டாயம்.

மருந்துப் பை சின்னதாக இருந்தால் போதும்: தெர்மாமீட்டர், பாரசிட்டமால் சிரப், மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு, ஓ.ஆர்.எஸ். நான்கு பாக்கெட், வாஸ்லின். இரண்டு இடத்தில் கவனம். பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் வருகிறது, 250 உள்ளதும் வருகிறது. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 10 கிலோ குழந்தைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. மாற்றி ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு மிஞ்சும், வயிற்றுப்போக்கு கூடத்தான் செய்யும்.

படி 5: மலை ஏறும் நாள்

பயணம் இனிக்குமா கசக்குமா என்பது இந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வாந்தி ஏன் வருகிறது? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கையிலுள்ள போனையோ பார்த்துக்கொண்டு "அசையவே இல்லை" என்கிறது. இரண்டு செய்தியும் மோதுவதில் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குள் இது குறைவு. மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுவரை அதிகம்.

1. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, சர்க்கரையோ கொஞ்சம் சட்னியோ தொட்டு. பால், பூரி, வடை வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், அதுவும் குமட்டும்.
2. மேட்டுப்பாளையத்திலேயே எரிபொருள் போட்டு, அங்கேயே எல்லோரும் கழிப்பறை போய்விடுங்கள். "எனக்கு வரல" என்று சொல்லும் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.
3. காரில் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றி டிக்கியில் போடுங்கள். வாந்திக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று சொன்னால் டிரைவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கழற்றுவார்கள்.
4. குமட்டும் பிள்ளை பின்சீட்டின் நடுவில், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி, அந்த இடத்து பெல்ட்டோடு. கைக்குழந்தை அதற்கான கார் சீட்டில். மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது மலைப்பாதையில் கூடவே கூடாது.
5. போன், படப்புத்தகம், கலரிங் எல்லாம் பைக்குள். கொண்டை ஊசி வளைவு எண்ணும் விளையாட்டு போதும். பலகையில் எண் எழுதியிருக்கும்.
6. ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கட்டும்.
7. அரை மணிக்கு ஒருமுறை அகலமான இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வளைவில் நிறுத்தாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரலாம். பிள்ளை அடிக்கடி கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கி, திடீரென்று பேச்சை நிறுத்தினால் இன்னும் மூன்று நான்கு நிமிடம்தான் இருக்கிறது. மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றும் பழைய துண்டு இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல. வந்த பிறகு உடனே தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் கழித்து ஒரு ஸ்பூன், பிறகு இன்னொரு ஸ்பூன். வாந்தி மாத்திரையை உங்கள் அளவில் பாதி உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சில மருந்துகள் சிறு குழந்தைக்கு ஆகவே ஆகாது. போன பயணத்தில் வாந்தி எடுத்த பிள்ளை என்றால் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பர்லியாறு பக்கம் நிறுத்தினால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து இறக்கிவிடாதீர்கள். குரங்கு பிள்ளையைப் பார்க்காது, பாக்கெட்டைத்தான் பார்க்கும். ஆனால் கீறல் பிள்ளைக்குத்தான் விழும். கீறினாலோ கடித்தாலோ பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது, அவசரத்துக்கு 108.

மேலே போனதும் ஒரு வேடிக்கை நடக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. சிப்ஸ் பாக்கெட் தலையணை போல உப்பியிருக்கும். பிள்ளைகளுக்கு அது வித்தை, உங்களுக்கு எச்சரிக்கை. கீழே இறுக்கி மூடிய உறிஞ்சு குழல் பாட்டிலை மேலே திறந்தால் உள்ளே அடைபட்ட காற்று பாலைக் குழல் வழியே பீய்ச்சி அடிக்கும், பெரும்பாலும் குழந்தையின் முகத்தில்தான். முதலில் மூடியை லேசாகத் திருகிக் காற்றை விட்டுவிட்டு, அதன்பின் குழலைத் திறங்கள்.

படி 6: ஒரு நாளைக்கு ஓர் இடம்

"எட்டு பாயின்ட், ஒரே நாள்" என்று வாடகை வண்டிக்காரர்கள் அட்டை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். எட்டு இடத்திலும் காரை நிறுத்த, இறங்க, ஷூ மாட்ட, ஏற என்றே பொழுது போய்விடும். காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை ஓர் இடம், மதியம் சாப்பாடும் தூக்கமும் அறையில், நாலு மணிக்கு மேல் பக்கத்தில் ஒரு நடை. அவ்வளவுதான்.

முதல் நாள்: பதினொரு மணி வாக்கில் குன்னூர். அன்று எதையும் பார்க்க வேண்டாம். உடம்பு குளிருக்குப் பழகட்டும்.

இரண்டாம் நாள்: சிம்ஸ் பூங்கா. 1874-இல் உருவானது, மரங்கள் பெரிசு, சரிவும் பெரிசு. தள்ளுவண்டி உதவாது, குழந்தையைச் சுமக்கும் பைதான். இறங்கும்போது ஓடுவார்கள், ஏறும்போது "தூக்கு" என்பார்கள். ஆகவே பாதி தூரம் மட்டும் இறங்குங்கள். டால்பின் நோஸ் சாலை குறுகல், காட்சிமுனையில் பள்ளம். ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள்: காலை ரயிலில் ஊட்டி, அங்கிருந்து ஆட்டோவில் தாவரவியல் பூங்கா. 1848-இல் தொடங்கிய 55 ஏக்கர் பூங்கா. சுற்றிப் பார்த்துத் தீராது, தீர்க்கவும் வேண்டாம். கீழ்ப்பகுதிப் புல்வெளியில் ஒரு மணி நேரம் உருண்டு புரண்டாலே பிள்ளைகளுக்கு ஊட்டி முடிந்தது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். காற்று முகத்தில் அறையும். கைக்குழந்தையோடு ஏறாதீர்கள். ரோஜாப் பூங்கா முழுக்கப் படிக்கட்டு. ஏரியில் படகு என்றால் எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம். ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் வடித்த சோறும் பருப்பும் நறுக்கென்று நிற்கும், குழந்தைக்குச் செரிக்காது. "குக்கரில் இரண்டு விசில் கூட வைத்துக் குழைய வேண்டும்" என்று ஓட்டலில் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் நெய்யும் எடுத்துப் போனால் எந்த வேளையும் சமாளிக்கலாம். வழியோரக் கேரட் பார்க்க அழகாக இருக்கும். எந்தத் தண்ணீரில் கழுவியது என்று தெரியாது; வாங்கி வந்து அறையில் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள்.

குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். இரண்டாம் நாள் மாலை கன்னமும் மூக்குநுனியும் சிவந்து எரியும். வெயிலுக்கு விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். வாஸ்லின் வெயிலைத் தடுக்காது; உதடும் கன்னமும் வறளாமல் இருக்கக் காலை மாலை தடவுங்கள்.

படி 7: இறங்கும் நாள்

கோடை சீசனில் மேலேறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்குவார்கள். குன்னூரிலிருந்தும் கோத்தகிரி போய்த்தான் இறங்க வேண்டிவரும். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் இரண்டு.

ஏறிய கியரிலேயே இறங்குவது மலையின் விதி. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகல் வாசனை வரும், அதன்பின் பிடிக்காது. அந்த வாசனை வந்தால் டிரைவர் என்ன சொன்னாலும் ஓரம் கட்டி, ஆறும்வரை இருபது நிமிடம் நில்லுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

காதுவலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். சளி பிடித்திருந்தால் இன்னும் மோசம். பெரிய பிள்ளைகளுக்கு அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர். விழுங்கும்போது காதடைப்பு விடும். கைக்குழந்தைக்கு வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள், ஓடும் வண்டியில் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அல்ல. மூக்கடைப்பு இருந்தால் கிளம்பும் முன்பே உப்புநீர்ச் சொட்டு விட்டுவிடுங்கள்.

அடிவாரம் நெருங்கியும் ஸ்வெட்டரையும் சாக்ஸையும் கழற்றாமல் தூங்கவிடுவதுதான் கடைசித் தவறு. பிள்ளை மேட்டுப்பாளையத்தில் வியர்வையில் நனைந்து அழுதுகொண்டே எழும். சூடு தட்டத் தொடங்கும்போதே ஒருமுறை வண்டியை நிறுத்தி, பனியனோடு விட்டுவிட்டு, மறுபடி பெல்ட்டைப் போடுங்கள்.